வாடகை வீட்டுக்குச் சமையலறையும் குளியலறையும்: கேள்வி பதில்

கேள்வி: வாடகைக்கு விடப்போகிற வீடு. சமையல் மேடைக்கு மார்பிளா, கிரானைட்டா?

பதில்: கிரானைட். மார்பிளில் எலுமிச்சைச் சாறு சிந்தினாலே அந்த இடம் மட்டும் மங்கித் திட்டாகிவிடும்; துடைத்தால் போகாது, பாலிஷ்தான் போடணும். கிரானைட்டிலும் புள்ளி புள்ளியான நடுத்தர நிறம் எடுங்கள், கறை கண்ணில் படாது. சிங்க் ஓட்டைக்கு முன்னால் கல் ஒடுங்கி நிற்கும். விரிசல் பெரும்பாலும் அங்கேதான். அதற்கு அடியில் தாங்கல் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சிங்க்கில் காந்தம் ஒட்டவில்லை என்றால் 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று நம்பலாமா?

பதில்: நம்ப முடியாது. 202 கிரேடும் ஒட்டாது. அதில் நிக்கல் குறைவு, துருப்புள்ளி சீக்கிரம் வரும். பில்லில் கிரேடு எழுதி வாங்குங்கள். தகடு 1 மி.மீ. இருந்தால் போதும்.

கேள்வி: பாத்ரூம் டைல்ஸ் இடுக்கு ஆறே மாதத்தில் கறுத்துவிட்டது. டைல்ஸை மாற்றணுமா?

பதில்: வேண்டாம், கோளாறு இடுக்கை நிரப்பும் குரௌட்டில்தான். சிமென்ட் குரௌட் தண்ணீரை உறிஞ்சும், பூஞ்சை உள்ளேயே தங்கும். குடியிருப்பவர் ஆசிட் ஊற்றித் தேய்ப்பார். ஆசிட் சிமென்ட்டை அரித்து இடுக்கை இன்னும் பள்ளமாக்கும், போகிற போக்கில் குழாயின் குரோம் பூச்சையும் கெடுக்கும்.

பழைய குரௌட்டை டைல்ஸ் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, தூசி தட்டி, நன்றாகக் காயவிட்டு எபாக்ஸி (பிசின்) குரௌட் நிரப்புங்கள். கலந்ததும் இறுக ஆரம்பிக்கும் சரக்கு அது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்கணும். டைல்ஸ் மேல் படிந்ததை உடனே ஈர ஸ்பாஞ்சால் துடைக்காவிட்டால் பிறகு சுரண்டினாலும் வராது. சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் எபாக்ஸி வேண்டாம். அங்கே அசைவு இருக்கும், வெடித்துவிடும். பூஞ்சை தடுக்கும் சிலிக்கான் போடுங்கள்.

புதிதாக ஒட்டுகிறவர்கள் டைல்ஸுக்கு இடையே இடைவெளிக்கு 2 மி.மீ. ஸ்பேசராவது வையுங்கள். நெருக்கி ஒட்டினால் குரௌட் உள்ளே இறங்காது. மேலாக மெழுகியது உதிர்ந்துவிடும்.

கேள்வி: தரைக்குப் பளபள டைல்ஸ் போடலாமா? துடைக்கச் சுலபமாயிற்றே.

பதில்: வழுக்கும். மேட் ஃபினிஷ், 30×30 செ.மீ. போதும். பெரிய டைல்ஸில் சாய்வு எடுப்பது பெரும்பாடு. வடிகாலை நோக்கி மீட்டருக்கு 10 முதல் 15 மி.மீ. சரிவு வேண்டும். ஒரு பெட்டி டைல்ஸ் கூடுதலாக வாங்கி, பேட்ச் எண்ணுள்ள அட்டையோடு பரணில் போட்டு வையுங்கள். பின்னால் அதே ஷேடு கிடைக்காது.

கேள்வி: சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவு ஊதிவிட்டது.

பதில்: மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டாக இருக்கும். ஒருமுறை ஊதினால் பழையபடி ஆகாது. அந்த இடத்துக்கு மட்டும் பி.வி.சி. கதவு போடுங்கள். மற்ற இடங்களில் வாட்டர்ப்ரூஃப் ப்ளைவுட், மேலே 1 மி.மீ. லாமினேட். தண்ணீர் ஏறுவது முகப்பு வழியாக அல்ல, வெட்டிய ஓரம் வழியாக. கதவின் அடி ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாது என்று எட்ஜ் பேண்ட் (ஓரத்தை மூடும் பட்டை) ஒட்டாமல் விடுவது அங்கேதான்.

கேள்வி: ஃப்ளஷ் டேங்க்கைச் சுவருக்குள் வைக்கலாமா? பார்க்க அழகாக இருக்கிறதே.

பதில்: சொந்த வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டுக்கு வெளியே தெரியும் டேங்க்தான் சரி; உள்ளே வால்வு போனால் மூடியைத் தூக்கி மாற்றிவிடலாம். கூடவே டேங்க்குக்கும் ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனி ஆங்கிள் காக் (தண்ணீரை அடைக்கும் சிறு வால்வு) வையுங்கள். ஒன்று ஒழுகினால் அதை மட்டும் அடைக்கலாம்.