வீடு மட்டும் பக்கத்துத் தொகுதிக்குப் போய்விட்டால்

தொகுதி மறுவரையறையில், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலக் கீழவையில் உங்கள் பிரதிநிதியாக இருப்பவரின் வீடு பக்கத்துத் தொகுதிக்குள் போய்விட்டது, இனி உங்கள் பகுதியில் அவர் நிற்கவே முடியாதா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். வழக்கமாக 2 ஆண்டு அந்தத் தொகுதியில் வசித்திருக்க வேண்டும். ஆனால் எல்லை மாறியதற்கு அடுத்த பொதுத்தேர்தலில், பழைய தொகுதியின் ஒரு துண்டாவது இருக்கும் எந்தத் தொகுதியிலும் போட்டியிட மாநில அரசியலமைப்பு இடம் தருகிறது. மறுமுறை ஜெயிக்க நினைத்தால், அதற்கு முன் 18 மாதம் அங்கேயே குடியிருக்க வேண்டும். அதனால் எப்படியும் வீடு மாற்றித்தான் ஆக வேண்டும்.

வீட்டை விட்டு நகர மனமில்லை என்றால்தான் சிக்கல். பக்கத்துத் தொகுதியில் சொந்தக் கட்சிக்காரரே உறுப்பினராக இருந்தால், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் அவரோடு மோத வேண்டும். அதற்குப் பயந்தே பலர் ஓய்வு அறிவிக்கிறார்கள், சிலர் மேலவைக்குத் தாவுகிறார்கள்.