மெடிக்கல் கவுன்சிலுக்கு எழுதினால் பணம் வருமா?

கேள்வி: அம்மாவுக்குப் போன ஐப்பசியில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி செய்தார்கள். மூன்றாம் நாள் வயிறு வீங்கிக் காய்ச்சல். டாக்டர் ‘வாயுத் தொல்லைதான்’ என்று டிஸ்சார்ஜ் செய்துவிட்டார். பித்தக்குழாய் அறுபட்டிருக்கிறது என்று வேறு இடத்தில் மறுபடி திறந்தார்கள். செலவு நாலே முக்கால் லட்சம். மெடிக்கல் கவுன்சிலில் புகார் கொடுத்தால் பணம் கிடைக்குமா?
- பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்

பதில்: கிடைக்காது தம்பி. அரும்பாக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் டாக்டரின் தொழில் நடத்தையைத்தான் விசாரிக்கும். எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரைக் கொஞ்ச காலத்துக்கோ அடியோடோ எடுக்கலாம். பணத்துக்கு நுகர்வோர் ஆணையம்; இரண்டு வருஷக் கெடு. இரண்டு இடத்திலும் ஒரே சமயத்தில் போகலாம்.

எங்கே போனாலும் முதலில் கேஸ் ஷீட் வேண்டும். நீங்கள் அனுப்பியிருப்பது டிஸ்சார்ஜ் சம்மரி, அவர்கள் எழுதிக்கொடுத்த கதைச்சுருக்கம். ஆபரேஷன் நோட்ஸ், மயக்க மருந்து சார்ட், நர்ஸ் குறிப்பு எல்லாம் கேஸ் ஷீட்டில்தான் இருக்கும். என் சித்தியின் குடலிறக்க ஆபரேஷனில், ‘இரவு 2.10, வயிறு உப்புசம், ஜுரம் 101, டியூட்டி டாக்டருக்குச் சொல்லப்பட்டது’ என்று ஒரு நர்ஸ் நீல மையில் எழுதிய ஒரு வரிதான் எங்கள் புகாரை நிற்க வைத்தது. டாக்டர் வந்து பார்த்ததாக அடுத்த குறிப்பு காலை 9.40-க்கு. இடையிலுள்ள ஏழரை மணி நேரத்துக்கு யாரிடமும் பதில் இல்லை.

எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும் என்கிறது 2002-ஆம் வருஷ மருத்துவ நெறிமுறை விதி. வாயால் கேட்டால் ‘ரெக்கார்டு மேடம் லீவு’ என்பார்கள். கடிதம் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் சீலும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்.

இன்னொன்று, உங்களுக்குக் கசக்கும். குழாய் அறுபட்டதாலேயே அது கவனக்குறைவு ஆகிவிடாது. கைதேர்ந்தவர்களுக்கும் இந்த ஆபரேஷனில் அது நேர்வதுண்டு. வயிறு வீங்கிய பிறகு ஏன் ஸ்கேன் எடுக்கவில்லை, ஏன் வீட்டுக்கு அனுப்பினார் என்பதில்தான் உங்கள் வழக்கு இருக்கிறது. மனுவில் ‘கொலைகாரன்’ எல்லாம் வேண்டாம், தேதியும் மணியும் போதும். டாக்டரின் பதிவு எண் மருந்துச் சீட்டிலேயே இருக்க வேண்டும், பாருங்கள்.

கவுன்சில் விசாரணைக்கு டாக்டர் வக்கீலோடு வரலாம். ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் அதற்கு மேலும் காத்திருக்கத் தயாராக இருங்கள். தீர்ப்பு பாதகமானால் டாக்டர் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 30-ஆவது பிரிவில், மேல்முறையீடு செய்யக்கூடியவர் ‘மருத்துவர்’ என்றுதான் இருக்கிறது, நோயாளி என்ற சொல்லே இல்லை. அதைக் காட்டியே நோயாளிகளின் மேல்முறையீடுகளைத் தேசிய மருத்துவ ஆணையம் திருப்பி அனுப்பியிருக்கிறது. அநியாயம்தான். தீர்ப்பு உங்களுக்கு எதிராக வந்தால் அப்புறம் ஹைகோர்ட்தான் கதி. ஆகவே கையில் உள்ளதையெல்லாம் முதல் மனுவிலேயே வைத்துவிடுங்கள்.

கேஸ் ஷீட் கேட்கும் கடிதத்தில் உங்கள் கையெழுத்து வேண்டாம். நோயாளி அம்மா, அவரே போடட்டும்.