கோட்டை இருந்த இடத்தில் கோணல் மனை

கேள்வி: மதுரை மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம். மனை முன்னால் குறுகலாகவும் பின்னால் கோணலாகவும் இருக்கிறது. பக்கத்து வீட்டார் ஆக்கிரமித்திருப்பார்களோ?

பதில்: அவசரப்பட்டு அவர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள். உங்கள் பகுதியில் கோணல் மனைகள் சகஜம். அதற்குக் காரணம் கோட்டை.

மாசி வீதிகளுக்கு அப்பால் அன்று நாயக்கர் காலத்துக் கோட்டை இருந்தது: 72 கொத்தளங்கள், சுற்றிலும் அகழி. ஊர் நெருக்கடியில் திணறியதால், 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் அதை இடிக்க முடிவு செய்தார். கையில் போதிய பணம் இல்லை. சுவரை இடித்து அகழியை மூடுபவர்களுக்கே அந்த இடத்தைத் துண்டு துண்டாகக் கொடுத்தார். அப்படி மீண்ட நிலத்தில் வந்தவைதான் வெளி வீதிகளும் மாரட், பெருமாள் மேஸ்திரி வீதிகளும். வேலையை நடத்திய சர்வேயர் மாரட்டின் பெயரும், மேஸ்திரி பெருமாளின் பெயரும் தெருவுக்கே நிலைத்துவிட்டன. ஒரு மேஸ்திரியின் பெயரை ஊர் இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

மனைகள் கோட்டைச் சுவரின் வளைவைப் பின்பற்றின. அப்புறம் பாகப்பிரிவினை. ஆளுக்கொரு தெருவாசல் வேண்டுமென்று நீளவாக்கில் வகுந்ததில் இன்னும் குறுகின.

சரி, சுவர் விஷயத்துக்கு வருவோம். தாய்ப்பத்திரத்தில் 'கிழமேல் ஜாதியடி, தென்வடல் ஜாதியடி' என்று அடிக்கணக்கில் நீள அகல அளவும், கூடவே செக்குபந்தியும் (நான்கு பக்க எல்லை விவரம்) இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பொதுவாக நான்கெல்லைக்கே சட்டத்தில் முக்கியத்துவம். அதனால் அடிக்கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். உங்கள் பத்திரத்தையும் பக்கத்து வீட்டுப் பத்திரத்தையும் சேர்த்து வைத்துப் படியுங்கள். 'பொதுச்சுவர்' என்று ஒரு வார்த்தை இருந்தாலே பாதிச் சிக்கல் தீரும். பிறகு நகர அளவைப் பதிவேட்டின் நகலும் வரைபடமும் வாங்கி, அரசு சர்வேயரை வைத்து, இருதரப்பும் நிற்கும்போது அளக்கச் சொல்லுங்கள். இதெல்லாம் பழைய வீட்டை இடிப்பதற்கு முன்பே நடக்க வேண்டும். சுவர் போய்விட்டால் சாட்சியும் போச்சு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். உங்கள் மனைக்கடியில் மூடிய அகழியோ சுவர் இடிபாடோ இருக்கலாம். அப்படி நிரப்பிய மண் ஒரே சீராக இறுகியிருக்காது. அதன்மேல் மாடி எழுப்பினால் ஒரு பக்கம் மட்டும் அமுங்கி விரிசல் விடும். மண் பரிசோதனை முடிவு கைக்கு வந்த பிறகே அஸ்திவார ஆழத்தை இன்ஜினியர் முடிவு செய்யட்டும்.