33 வருடம் ஓடும் கப்பல், 6,000 வெள்ளி கேட்கும் ஏஜெண்டு

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அண்ணன் மகன் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் பைப் வெல்டர், வொர்க் பெர்மிட்டில் இருக்கிறார். தேக்காவில் ஓர் ஏஜெண்டு, "ஆஸ்திரேலியாவில் அணுசக்தி நீர்மூழ்கி வேலை, கப்பல் 33 வருடம் ஓடும், உனக்கும் 33 வருடம் வேலை" என்று 6,000 வெள்ளியும் பாஸ்போர்ட்டும் கேட்கிறாராம். அந்த 33 வருடம் உண்மையா, கட்டலாமா?

33 உண்மைதான் அம்மா, தொல்லையே அதுதான். கெட்டிக்கார ஏமாற்றுக்காரன் கணக்கில் பொய் சொல்லமாட்டான். அமெரிக்காவின் வர்ஜீனியா ரக நீர்மூழ்கியில் அணு உலைக்குள் வைக்கும் எரிபொருள் சுமார் 33 வருடம் தாங்கும்படி செய்யப்படுகிறது, நடுவில் மாற்றுவதில்லை. அதற்காகக் கப்பலை 33 வருடம் தொடாமலே ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. காப்பிக்கடையில் காலி பால் டின்னைக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி விட்டுப் பாருங்கள். முதலில் ஒன்றும் ஆகாது, அப்புறம் மடிந்த இடத்தில் கீறல் விடும். நீர்மூழ்கியின் உடலும் ஒவ்வொரு முறை ஆழத்துக்குப் போய் வரும்போது கொஞ்சம் அமுங்கி விரிகிறது. 300 மீட்டர் ஆழத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிலோ அழுத்தம். குழாய், வால்வு, வெல்டிங் எல்லாம் உப்புத்தண்ணீரில் அரிக்கும், அதனால் சில வருடத்துக்கு ஒருமுறை டாக்கில் ஏற்றிப் பிரித்துப் பார்த்தே ஆகவேண்டும், பார்க்காவிட்டால் எரிபொருள் மிச்சமிருந்தாலும் மூழ்க விடமாட்டார்கள்.

யூஎஸ்எஸ் பாய்ஸி என்று ஒரு அமெரிக்க நீர்மூழ்கி. 2015-ல் பயணம் முடித்து வந்து பழுதுபார்க்கக் காத்திருந்தது, 2017-ல் மூழ்குவதற்கான சான்று காலாவதியானது, முழுப் பழுதுபார்ப்பு ஒப்பந்தம் 2024-ல்தான் கையெழுத்தானது. பணத்துக்குப் பஞ்சமில்லாத கடற்படையின் லட்சணம் இது. செம்பவாங்கில் நான் வேலை பார்த்த காலத்தில் எண்ணெய்க் கப்பல் நான்கு நாள் தாமதமானாலே முதலாளி மேஜையைத் தட்டுவார்.

ஆக வேலை இருக்கிறது, உங்கள் பையனுக்கு இல்லை. ஆஸ்திரேலியா 2030-களின் தொடக்கத்திலிருந்து மூன்று வர்ஜீனியா கப்பல்கள் வாங்கத் திட்டமிட்டிருக்கிறது, சரி. ஆனால் அந்தக் கப்பலில் கைவைக்கப் பாதுகாப்பு அனுமதி, அதாவது கிளியரன்ஸ், வேண்டும், அதற்கு ஆஸ்திரேலியக் குடியுரிமை வேண்டும். "விதிவிலக்கு உண்டே" என்று ஏஜெண்டு சொல்வார். உண்டு. ஆனால் அதை வேலை கொடுக்கும் தரப்பு, இந்த ஆள் இல்லாமல் முடியவே முடியாது என்று காரணம் காட்டிக் கேட்கவேண்டும். உங்கள் பையனே நேரில் போய் விண்ணப்பிக்க முடியாது. ஏஜெண்டாலும் முடியாது. உலகத்தில் எத்தனையோ பைப் வெல்டர் இருக்கும்போது துவாஸில் இருக்கும் ஒருவருக்காக யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள். "கிளியரன்ஸ் வாங்கித் தருகிறேன்" என்ற ஒரு வார்த்தை போதும், பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

"முதலில் சிங்கப்பூர் நீர்மூழ்கியில் டிரெயினிங்" என்றால் அதுவும் புளுகு. நம்முடைய புது நீர்மூழ்கிகள் ஜெர்மனியில் வடிவமைத்தவை, நம்மிடம் அணுசக்தியில் ஓடுவது ஒன்றுகூட இல்லை.

இப்படி ஒரு ரசீதைப் பார்த்திருக்கிறேன். மேலே நங்கூரம் போட்ட ரப்பர் ஸ்டாம்ப், கீழே பொடி எழுத்தில் "பதிவுக் கட்டணம், திருப்பித் தரப்படாது". அதில் ஏஜெண்டின் உரிம எண் கிடையாது. அந்த எண்ணைக் கேளுங்கள், மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் தேடலாம். ஆஸ்திரேலியாவில் விசா ஸ்பான்சருக்காகக் காசு வாங்குவது மட்டுமில்லை, கொடுப்பதும் சட்டப்படி தப்பு, இதை யாரும் பையன்களுக்குச் சொல்வதில்லை. காசு போன பிறகு புகார் கொடுக்கப் போனால் இந்தக் கவுண்டர் அந்தக் கவுண்டருக்கு அனுப்பும், அது திரும்ப இங்கேயே அனுப்பும், அதற்குள் பெர்மிட் முடிந்து பையன் ஊருக்குப் போயிருப்பான்.

பாஸ்போர்ட் ஏற்கெனவே ஏஜெண்டிடம் போயிருந்தால் இன்று மாலையே வாங்கிவரச் சொல்லுங்கள், தனியாக அனுப்பாதீர்கள்.