ராத்திரி வாட்சில் லுக்அவுட்டை அனுப்பாதீர்கள்

தம்பி, கப்பலில் இரவு 8–12 வாட்சில் (காவல் முறையில்) லுக்அவுட்டாக, அதாவது கடலைக் கண்ணால் கண்காணிக்க, உங்களோடு நிற்கும் ஏபியை (மாலுமியை) அக்கமடேஷன் (தங்கும் பகுதி) சுத்தம் செய்ய உங்கள் மேலதிகாரியான சீஃப் மேட் கூப்பிட்டுக்கொள்கிறார், புது தேர்ட் ஆபீசரான உங்களால் மறுக்க முடியவில்லை என்கிறீர்கள். மறுக்கலாம், மறுத்தே ஆகவேண்டும். எஸ்டிசிடபிள்யூ என்ற சர்வதேசக் கப்பல் பணியாளர் விதிப்படி வாட்ச் அதிகாரி தனியாளாக லுக்அவுட் பார்ப்பது பகலில் மட்டும்தான், அதுவும் வானிலை, போக்குவரத்து எல்லாம் சாதகமாக இருந்தால். இருட்டில் அதற்கு இடமே இல்லை.

ரேடார் இருக்கிறதே என்பார்கள். சின்ன மரப்படகு அலை எதிரொலியில் மறைந்துபோகும், கப்பலின் இருப்பிடத்தை ரேடியோவில் அறிவிக்கும் ஏஐஎஸ் கருவியும் அதில் இருக்காது. அதன் மங்கலான ஒற்றை விளக்கு, கப்பலை ஓட்டும் இடமான பிரிட்ஜின் ஓரத்து விங்கில் நின்று பார்க்கிறவன் கண்ணுக்குத்தான் தட்டுப்படும். நீங்கள் சார்ட்டில் குனிந்து பொசிஷன் சரிபார்க்கும்போது வெளியே பார்ப்பது யார்? பிரிட்ஜ் அலாரத்தையும் நம்பாதீர்கள். செட் செய்திருக்கும் 3 முதல் 12 நிமிட இடைவெளிக்குள் ஒரு பட்டனை அழுத்தினால் அது அடங்கிவிடும். நீங்கள் விழித்திருக்கிறீர்களா என்பதுதான் அதற்குத் தெரியும், பார்க்கிறீர்களா என்பது தெரியாது.

சண்டை வேண்டாம். "சார், இருட்டிடுச்சு, லுக்அவுட்டை அனுப்ப முடியாது. கேப்டன்கிட்ட கேட்டுக்கிறேன்" என்று போனில் சொல்லிவிட்டு உடனே கேப்டனைக் கூப்பிடுங்கள். தூக்கத்தைக் கெடுக்கிறோமே என்று தயங்கவே தயங்காதீர்கள். அவரும் தட்டிக்கழித்தால் கரையில் இருக்கும் கம்பெனியின் பாதுகாப்புப் பொறுப்பாளரான டிபிஏவுக்குச் சொல்லுங்கள், அவர் இருப்பதே இதற்குத்தான்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: ஏபி கீழே இருந்த நேரத்தில் பிரிட்ஜில் இருந்ததாக லாக் புக்கில் எழுதிவிடாதீர்கள்.