அரசின் சுற்றுலாக் கொள்கையால் உள்ளூர் மக்களுக்கு வருமானம் பெருகுமா?

பெருகும். ஆனால் வருகிறவர்களின் தலையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் பெருகாது. வந்தவர் எங்கே தங்கலாம், அறையை யார் வாடகைக்கு விடலாம், ஹோட்டல் தன் சரக்கை யாரிடம் வாங்குகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் மாலத்தீவு.

1972-ல் அங்கே முதல் ரிசார்ட் திறந்தது. பிறகு பல ஆண்டுகளுக்கு 'ஒரு தீவு, ஒரு ரிசார்ட்' என்பதுதான் கொள்கை. ஆளில்லாத தீவைக் குத்தகைக்கு எடுத்து நடத்துவார்கள். அரசுக்குக் குத்தகைப் பணமும் வரியும் வந்தன, நாட்டுக்கு அந்நியச் செலாவணி வந்தது. பக்கத்துத் தீவில் வீடு வைத்திருந்தவருக்கு அதில் பங்கு வேண்டுமென்றால், பிள்ளைகுட்டிகளை விட்டுவிட்டு ரிசார்ட்டில் போய் வேலைக்குச் சேர வேண்டும். மக்கள் வசிக்கும் தீவுகளிலும் விருந்தினர் இல்லம் நடத்தலாம் என்று 2009-ஐ ஒட்டி விதி தளர்ந்தது. மீன்பிடித் தொழிலும் ஒரு சிறைச்சாலையுமாக இருந்த மாஃபுஷி தீவில் இன்று தெருவுக்குத் தெரு விருந்தினர் இல்லங்கள். கடலும் மணலும் முன்பும் அதேதான். அனுமதி கிடைத்ததும் வீட்டுக்காரரே முதலாளி ஆனார், படகு வைத்திருந்தவருக்குத் தினமும் சவாரி கிடைத்தது. ஊர் வழக்கத்தையும் விட்டுவிடவில்லை: நீச்சலுடைக்கென்று கடற்கரையில் ஒரு பகுதியைத் தனியாக ஒதுக்கினார்கள், ஊருக்குள் மது கிடையாது. குப்பை, இடநெருக்கடி என்று புதுத் தொல்லைகளும் வந்தன, அதையும் சொல்லியாக வேண்டும்.

கேரளத்தின் குமரகம் வேறு வழியில் போனது. 2008-ல் தொடங்கிய 'பொறுப்புச் சுற்றுலா' திட்டத்தில், குடும்பஸ்ரீ என்ற மாநில அரசுத் திட்டத்தின் பெண்கள் குழுக்கள் விளைவித்த காய்கறியை ஹோட்டல்கள் வாங்க ஏற்பாடு செய்தார்கள். "உள்ளூரில் வாங்குங்கள்" என்று வேண்டுகோள் விடுத்ததோடு நிறுத்தியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஹோட்டல் சமையலறைக்குத் தினமும் ஒரே தரத்தில், சொன்ன அளவில் சரக்கு வர வேண்டும். அதனால் விலையை முடிவு செய்ய ஒரு குழு, தரத்தைப் பார்க்க ஒரு குழு என்று போட்டார்கள். கொள்கையில் எனக்கு ரொம்பப் பிடித்தது இந்தச் சின்ன வேலைதான்.

கட்டணத்தில் கை வைத்தாலும் அடி உள்ளூர்க்காரருக்குத்தான் முதலில் விழும். பூட்டான் 2022-ல் வெளிநாட்டுப் பயணியிடம் ஓர் இரவுக்கு அரசு வாங்கும் கட்டணத்தை 65 டாலரிலிருந்து 200 ஆக்கியது. அடுத்த ஆண்டே 100-க்கு இறக்க வேண்டியதாயிற்று. நடுவில் பிழைப்பு போனது வழிகாட்டிகளுக்கும் சிறிய ஹோட்டல்காரர்களுக்கும்தான். வாடகையும் அப்படித்தான். பார்சலோனாவில் குடியிருப்பு வீடுகள் சுற்றுலா விடுதிகளாக மாறி, ஊர்க்காரருக்கே வீடு கிடைக்காத நிலை வந்ததால், அந்த உரிமங்களை 2028-க்குள் முடித்துவிடப் போவதாக நகர நிர்வாகம் அறிவித்திருக்கிறது.

ஆகவே, ஒரு சுற்றுலாக் கொள்கை ஆவணம் உங்கள் கைக்கு வந்தால் முதல் பக்கத்து வருகை இலக்கைத் தாண்டிவிட்டு, உரிமம் பற்றிய பகுதிக்குப் போங்கள். வீட்டில் இரண்டு அறையை வாடகைக்கு விட நினைப்பவர் எத்தனை அலுவலகப் படி ஏற வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.