வாசகர் கேள்வி: தோற்ற தளபதிகளின் நூல்களை நம்பலாமா?

கேள்வி: இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் தளபதி மான்ஸ்டைன் எழுதிய ‘இழந்த வெற்றிகள்’ படித்து முடித்தேன். ஹிட்லர் குறுக்கே நிற்காமல் இருந்திருந்தால் ரஷ்யாவில் ஜெர்மனி ஜெயித்திருக்கும் என்றே தோன்றுகிறது. தோற்ற தளபதிகள் எழுதுவதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பதில்: இருபத்திரண்டு வயதில் அதே நூலைப் படித்துவிட்டு நானும் அப்படித்தான் நினைத்தேன். 1940-இல் பிரான்ஸைத் தாக்க ஆர்டென் காடுகள் வழியாக டாங்கிகளைச் செலுத்தும் யோசனையைக் கொடுத்த மனிதர் சொல்கிறார், மறுத்துப் பேச நான் யார் என்று இருந்தது. ஹிட்லர் மறுத்தார், ஹிட்லர் தாமதித்தார் என்று வரும் இடமெல்லாம் அன்று நான் போட்ட பென்சில் கோடுகள் என் பிரதியில் இன்னும் இருக்கின்றன.

என்னைத் தெளிய வைத்தது இன்னொரு தளபதியின் நாட்குறிப்பு. ஃபிரான்ஸ் ஹால்டர் 1938 முதல் 1942 வரை ஜெர்மன் தரைப்படையின் போர்த் திட்டங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர். அன்றன்று நடந்ததைச் சுருக்கெழுத்தில் குறித்துவைப்பார். ரஷ்யப் படையெடுப்பு 1941 ஜூன் 22-இல் தொடங்கியது. ஜூலை 3 அன்றே, இந்தப் போர் இரண்டு வாரத்துக்குள் வெல்லப்பட்டுவிட்டது என்று சொன்னால் மிகையாகாது என்று எழுதுகிறார். ஆகஸ்ட் 11-ஆம் தேதிக் குறிப்பைப் பாருங்கள்: எதிரியிடம் சுமார் 200 டிவிஷன்கள் (பல்லாயிரம் வீரர்கள் கொண்ட படைப்பிரிவுகள்) இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தோம், இப்போதே 360 எண்ணியாகிவிட்டது. தப்பிய அந்தக் கணக்கு ‘நாங்கள்’ போட்டது. அந்த இடத்தில் ஹிட்லரின் பெயர் இல்லை. அதே ஹால்டர் 1949-இல் வெளியிட்ட சிறு நூலிலோ, ஏறத்தாழ எல்லாப் பழியும் ஹிட்லர் தலையில் விழுகிறது. ஹிட்லர் தவறே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்டாலின்கிராடில் சிக்கிய ஆறாம் படையை வெளியேறவிடாமல் தடுத்தது அவர்தான். ஆனால் ரஷ்யாவின் பலத்தைக் குறைத்து எடைபோட்டதில் தளபதிகளுக்கும் முழுப் பங்கு உண்டு.

என் பெரிய குறை இதுகூட அல்ல. 1941 நவம்பர் 20-இல், கிரிமியாவில் இருந்த தன் படைக்கு மான்ஸ்டைன் ஓர் ஆணை பிறப்பித்தார். யூத-போல்ஷெவிக் (யூத-கம்யூனிஸ்ட்) அமைப்பை அடியோடு ஒழிக்க வேண்டும் என்றது அந்த ஆணை. அடுத்த மாதம் சிம்ஃபெரோபோல் நகரின் யூதர்கள் ஆயிரக்கணக்கில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போருக்குப் பின் நியூரம்பர்க் விசாரணையில் அந்தத் தாளை அவர் முன் வைத்தபோது, சுத்தமாக நினைவில்லை என்றார். 1949-இல் ஹாம்பர்க்கில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் 18 ஆண்டு தண்டனை விதித்தது. பிறகு அது 12 ஆண்டாகக் குறைந்தது. 1953-இல் வெளியே வந்துவிட்டார், 1955-இல் நூல் வந்தது. கிரிமியா அத்தியாயத்தை மறுபடி திறந்து பாருங்கள். செவஸ்டோபோல் கோட்டைகளும் பீரங்கிகளும் பக்கம் பக்கமாக வருகின்றன. கொல்லப்பட்ட அந்த மக்கள் எங்கும் இல்லை. இளம் வயதில் கோடு போட்டுக்கொண்டே அந்தப் பக்கங்களைக் கடந்து போயிருக்கிறேனே என்று எனக்கு இன்றும் வேதனைதான்.

கேள்வி: ஜெர்மன் டாங்கிப் படைத் தளபதி குடேரியன் நூலில், பிரிட்டிஷ் போரியல் எழுத்தாளர் லிடல் ஹார்ட்டைப் புகழும் பகுதி ஜெர்மன் பதிப்பில் இல்லை என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. ஜெர்மன் பதிப்பு 1951, ஆங்கிலப் பதிப்பு 1952. டாங்கிப் போர் முறையில் தனக்கிருந்த பங்கைச் சொல்லும் ஒரு பத்தியைச் சேர்க்கும்படி லிடல் ஹார்ட்டே கடிதம் எழுதிக் கேட்டார். ஆங்கிலப் பதிப்பில் குடேரியனும் சேர்த்தார்.

கேள்வி: அப்படியானால் தோற்றவர்களில் நேர்மையாக எழுதியவர் ஒருவர்கூட இல்லையா?

பதில்: இருக்கிறார்கள். எனக்கு மிகப் பிடித்தவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் பக்கம் நின்ற எட்வர்ட் போர்ட்டர் அலெக்சாண்டர். 1863 ஜூலை 3 அன்று கெட்டிஸ்பர்க்கில், தென்படைத் தளபதி பிக்கெட்டின் படை முன்னேறுவதற்கு முன் நடந்த பீரங்கித் தாக்குதலை நடத்தியவர். அப்போது வயது 28. 1890-களின் இறுதியில், நிகரகுவா எல்லைத் தகராறைத் தீர்க்கும் வேலைக்காகப் போய்த் தங்கியிருந்தபோது தன் பிள்ளைகளுக்காக உட்கார்ந்து எழுதினார். தன் படைத் தலைவர் லீயின் முடிவுகளைக்கூடத் தயங்காமல் குறை சொல்கிறார். அச்சுக்கென்று எழுதி 1907-இல் வெளியிட்டது வேறு நூல், அதில் குரல் அடங்கியிருக்கும். பிள்ளைகளுக்கு எழுதியது 1989-இல்தான் நூலாக வந்தது. முதலில் அதைப் படியுங்கள்.

நம் நாட்டிலும் தேடலாம். 1962 சீனப் போரைப் பற்றி கவுல் 1967-இலும், ஜான் தல்வி 1969-இலும் எழுதினார்கள். கவுல் கோர் (பல பிரிகேடுகள் அடங்கிய பெரும் படை) தளபதி. அக்டோபர் 20 அன்று தாக்குதல் தொடங்கியபோது உடல்நலமில்லாமல் டெல்லியில் இருந்தார். தல்வி அவருக்குக் கீழே ஏழாவது பிரிகேடை நடத்தியவர், வடகிழக்கு எல்லையில் நாம்கா சூ ஆற்றங்கரையில் இருந்தார், இரண்டு நாளில் சிறைப்பட்டார். தல்வியிடமும் கோபம் நிறைய இருக்கிறது. ஆனால் குளிருக்கு ஏற்ற உடை இல்லாத சிப்பாய்களையும், கையில் இருந்த சொற்பத் தோட்டாக்களையும் அவர் விவரிக்கும்போது நேரில் நின்றவரின் குரல் கேட்கிறது. கவுலை முதலில் படித்துவிட்டு தல்விக்கு வாருங்கள். ஆற்றின் வரைபடத்தைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொள்ளுங்கள். அதன் மரப் பாலங்களுக்கு ராணுவத்தார் எண் கொடுத்திருந்தார்கள். எந்தப் பாலத்தில் எந்தப் படைப்பிரிவு நின்றது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போனால் இரண்டு நூல்களும் பிரியும் இடங்கள் தாமாகத் தெரியவரும்.